கதவுக்கு இந்தப் பக்கம்

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் குழந்தைவேலு, என் மனைவி ருக்குமணியின் அண்ணன். மற்றவர்கள் எல்லாம் அவனுக்குப் பிறகுதான். மில்லில் என்னைப் பற்றி மேலே போட்டுக்கொடுத்த மேஸ்திரி, மில் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்ன மானேஜர், நான் பெற்ற மகன் பூபதி, எல்லாரும் அவனுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள். குழந்தைவேலு போன ஆவணியில் நெஞ்சுவலி வந்து போய்விட்டான். போய்விட்டால் விட்டுவிட முடியுமா. நல்லவன், தங்கமானவன் என்று ஊரே அழுதது. நான் அழவில்லை. பந்தலின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். பூபதி பெங்களூரிலிருந்து வந்து அந்தக் கோடியில் நின்றான். தாடி வைத்திருந்தான். என்னைப் பார்த்தான், பந்தக்காலைப் பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டான். அந்தக் குழந்தைவேலுவின் மகள் சிந்துஜாதான் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், கண் ஆஸ்பத்திரியில். அப்பன் மேல் இருக்கிற கோபத்தை இவள் மேல் காட்ட முடியவில்லை. காட்டினால் என்னை இங்கே யார் கூட்டிவருவது. கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, மூடிக்கொண்டு உட்காருங்கள், கண் பாப்பா விரிய வேண்டும், திறந்தால் மறுபடி முதலிலிருந்து என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். மருந்து எரிகிறது. கன்னத்தில் வழிந்ததை யாரோ பஞ்சால் ஒற்றினார்கள், சிந்துஜாவா நர்ஸா தெரியவில்லை. கண்ணை மூடினால் காது பெரிதாகிவிடுகிறது. செருப்புச் சத்தம், மேலே சுற்றுகிற பேன், எங்கேயோ ஒரு தட்டு விழுகிறது, பினாயில் வாடைக்குள் கேண்டீன் சாம்பார் வாடை. இரண்டு நாற்காலி தள்ளி ஒருத்தர் பெருமூச்சு விடுகிறார். யார், எப்படிப்பட்ட ஆள், ஒன்றும் தெரியாது. கண் தெரிகிறபோது மனிதர்கள் மேல் இந்தப் பயம் வருவதில்லை. இப்போது எந்தப் பக்கத்திலிருந்து எந்தக் கை வருமோ என்று கழுத்து தானாக உள்ளே இழுத்துக்கொள்கிறது.

"மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே" என்றாள். கோபித்துக்கொள்ளாத ஆளிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. சொல்லு கண்ணு என்றேன். "உங்க குரல் இப்ப ஊரெல்லாம் கேக்குதுங்க மாமா. பூபதி மாமா ஒரு கேம் பண்ணியிருக்குது. பேய்க் கேம். அதுல நீங்கதான் பேசறீங்க." நான் எங்கே பேசினேன். என்னை யார் பேசச் சொன்னது. சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு அவள் போனை என் காதில் வைத்தாள். கதவு தட்டுகிற சத்தம் வந்தது. பிறகு என் குரல் வந்தது. 'பூபதி. அப்பாதான் பேசறேன். சாப்பிட்டியா சாமி.' அவ்வளவுதான். அடுத்து மறுபடி தட்டுகிற சத்தம். என் குரலை நானே கேட்டால் வேறு யாரோ மாதிரி இருக்கும் என்று சொல்வார்கள், அப்படி இல்லை, என் குரல்தான். எங்கிருந்து எடுத்தான் என்று தெரிந்துவிட்டது. எனக்கு எழுத வராது. மூன்றாவதோடு நிறுத்தி ஆடு மேய்க்க விட்டார்கள். கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸின் போர்டைக் கூட்டிப் படிப்பேன். போன் வாங்கியபோது இதே சிந்துஜாதான் சொல்லிக்கொடுத்தாள், மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசுங்கள் மாமா, கையை எடுத்தால் போய்விடும், அந்த மைக் நீலமாக மாறினால் கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம் என்று. அன்றிலிருந்து பேசி அனுப்புகிறேன். சாப்பிட்டியா. மழை பெய்யுதா அங்கே. உன் அம்மா திவசத்துக்கு வருவியா. கதவு நம்பர் சொன்னாலாவது வருவேன். எங்கே இருக்கிறாய், எடுடா போனை, அப்பாதான் பேசறேன். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. ஆனால் எல்லாம் நீலமானது. வருஷக்கணக்காக நீலம், நீலம், நீலம். கேட்டுவிட்டுத் தூக்கிப்போடுகிறான் என்று நினைத்திருந்தேன். அவன் எடுத்து அடுக்கி வைத்திருக்கிறான். கொத்தனார் பழைய வீட்டை இடித்து நல்ல செங்கலைத் தனியாக அடுக்குகிற மாதிரி.

என்ன கேம், எப்படி ஆடுவது என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், கேட்டுவிட்டேன். சிந்துஜா சொன்னாள். ஒரு லைன் வீடு, ஒரே அறை, ஒரு அடுப்படி. அதில் ஒரு சின்னப் பையன் தனியாக இருக்கிறான். ஆடுகிறவர்கள்தான் அந்தப் பையன். தண்ணீர் மொண்டு வைக்க வேண்டும், பாடம் எழுத வேண்டும், கதவு தட்டினால் போய்க் காதை வைத்துக் கேட்க வேண்டும். வெளியே இருப்பது அப்பா என்றால் திறக்கலாம், சாப்பாடு வரும், அடுத்த நாள் வரும். சில சமயம் அப்பா மாதிரியே வேறு ஒன்று வந்து கூப்பிடும். அதற்குத் திறந்தால் ஆட்டம் முடிந்தது. "கதவு என்ன நிறம்" என்றேன். "பச்சை மாமா. கீழ ஒரு பலகை விட்டுருக்குது." பச்சைதான். மில்லில் எல்லா லைனுக்கும் ஒரே பச்சை அடித்தார்கள், மிச்சமான பெயிண்டை மேஸ்திரி வீட்டுக்கு எடுத்துப்போனான். அந்தப் பலகை உளுத்த பலகை. "முடியல மாமா அது, பாதிதான். கடைசித் தட்டலோட நின்னுருது, திரை இருட்டாயிருது. பூபதி மாமா மேலயே எழுதி வச்சிருக்குது பாருங்க. 'இது முடியாத விளையாட்டு. கடைசியாக வரும் தட்டலுக்குக் கதவைத் திறப்பதா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை. ஆடியவர்கள் சொல்லுங்கள். இந்த மாதத்துக்குள் தெரியாவிட்டால் இப்படியே விட்டுவிடுவேன்.'" அவன் எழுதினதை அவள் வாயால் கேட்டேன். அவன் வார்த்தை என்று ஒன்றைக் கேட்டு எத்தனை காலம். அதுவும் எனக்குச் சொன்னதில்லை, ஊருக்குச் சொன்னது. என்ன சொல்லியிருக்கிறார்கள் படி என்றேன். "வேண்டாம் மாமா, கண்டபடி எழுதியிருப்பாங்க." படி. ஊரெல்லாம் என்னைப் பற்றிப் பேசியது எனக்குப் புதிதா.

அவள் படித்தாள். சிலது இங்கிலீஷில் இருந்ததாம், அவளே மாற்றிச் சொன்னாள். ஒருத்தன் எழுதியிருக்கிறான், முதல் பாதி போர் ப்ரோ, தண்ணி மொண்டு ஊத்தறதுக்கா நான் ராத்திரி பூரா முழிச்சிருந்தேன், ஆனா அந்த அப்பா பேச ஆரம்பிச்சதும் ஹெட்போனைக் கழட்டி எறிஞ்சுட்டேன். இன்னொருத்தன், பையன் டிரம் பக்கத்துல போனா சுவத்துக்குள்ள மாட்டிக்கிறான், சரி பண்ணுங்க. கீழே பூபதி, நன்றி, இந்த வாரமே சரிசெய்கிறேன் என்று எழுதியிருக்கிறான். ஒரு பெண், 'சாப்பிட்டியா சாமி'ன்னு கேக்கற அந்த ஒரு வரி போதும், இப்ப எங்கம்மா போன்ல அதையே கேட்டா முதுகு சில்லுங்குது. கீழே பூபதி, மன்னிக்கவும், அம்மாவிடம் சொல்லாதீர்கள். சிந்துஜா சிரித்தாள். எனக்கு அது சிரிப்பாக இல்லை. பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்டது பேயா. வேறு எதைக் கேட்பது. எனக்கு வேறு என்ன கேட்கத் தெரியும். ஒருத்தன் திட்டியிருக்கிறான், வருஷக்கணக்கா இழுத்தடிக்கறீங்க, முடிக்கத் துப்பில்லேன்னா எதுக்கு ஆரம்பிச்சீங்க. அவனுக்கும் பதில் போட்டிருக்கிறான், நீங்கள் சொல்வது சரி என்று. எல்லாருக்கும் பதில். திட்டினவனுக்குப் பதில், சுவரில் மாட்டிக்கொண்டவனுக்குப் பதில், முகம் தெரியாத, ஊர் தெரியாத, எவனெவனுக்கோ நன்றி, மன்னிக்கவும், சரி. எனக்கு ஒரு சரி வந்ததில்லை. "அப்பா வேஷத்துக்குக் குரல் கொடுத்தவர் யாரு, பெரிய நடிகரா இருக்கோணும்னு நெறையப் பேரு கேட்டிருக்காங்க மாமா." என்ன பதில் போட்டிருக்கிறான் என்றேன். அவள் தேடினாள். விரலால் தள்ளுகிற சத்தம்கூடக் கேட்கிற மாதிரி இருந்தது. "அதுக்கு மட்டும் ஒண்ணும் போடல மாமா."

திறக்க வேண்டாம் என்றுதான் நிறையப் பேர் சொல்கிறார்களாம். திறந்துட்டா பயம் போயிரும், அப்படியே விட்டாத்தான் படம் மாதிரி இருக்கும், வெளியே என்ன நிக்குதுன்னு தெரியாமப் போறதுதான் கெத்து. உட்கார்ந்த இடத்தில் சொல்லிவிட்டார்கள். வெளியே என்ன நின்றது என்று எனக்குத் தெரியாதா. நான் அல்லவா நின்றேன். ருக்குமணி மூளைக்காய்ச்சலில் போனபோது பூபதி பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. நான் முதல் ஷிப்டுக்குப் போனால் அவன் பள்ளி விட்டு வந்து தனியாக இருக்க வேண்டும். அப்போது பிள்ளை பிடிக்கிறவன் வந்திருக்கிறான் என்று லைன் முழுக்கப் பேச்சு. பக்கத்து மில் லைனில் ஒரு குழந்தையைக் காணோம் என்றார்கள், அப்புறம் அது சித்தி வீட்டில் இருந்தது, அது வேறு கதை. நான் பயந்துபோனேன். பூபதியை உட்காரவைத்துச் சொன்னேன், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கோ, என்ற குரலுக்கு மட்டும் தொற. பிள்ளை பிடிக்கிறவன் கெட்டிக்காரன், என்ற குரல் மாதிரியே பேசுவான், உன்ற பேரு சொல்லிக் கூப்பிடுவான், பாட்டுப் பாடற பொம்மை வச்சிருப்பான், ஏமாந்துறாத, நல்லாக் காது குடுத்துக் கேட்டுட்டுத் தொற. அவன் தலையை ஆட்டினான். நான் வெளியே போய்த் தட்டிப் பழக்கினேன். என் குரலில் கூப்பிட்டேன், திறந்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன், திறக்கவில்லை. எதிர்வீட்டு மாராத்தாளைக் கூப்பிடச் சொன்னேன், திறக்கவில்லை. "அடேங்கப்பா, பேங்கு லாக்கரு தோத்துப்போச்சு" என்று அவள் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. தாயில்லாத பிள்ளைக்கு வேறு யார் இவ்வளவு சொல்லிக்கொடுப்பார்கள்.

தீபாவளி போனஸ் போட்ட அன்று. வெயில் இருந்தது, குழாயடியில் பொம்பளைகள் இருந்தார்கள். நான் வந்து தட்டினேன். பூபதி, அப்பாதான், தொற சாமி. உள்ளே காலடிச் சத்தம் வந்தது, கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது, அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி கூப்பிட்டேன். உள்ளேயிருந்து, "நீங்க எங்கப்பா இல்ல" என்றான். குழாயடியில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அது எல்லாருக்கும் தெரியும். "நஞ்சப்பண்ணா, அடையாள அட்டையக் காட்டுங்க" என்று மாராத்தாள் கத்தினாள். வாயில் கொஞ்சம் சரக்கு வாடை இருந்தது. போனஸ் அன்றைக்கு எந்த ஆம்பளை வாயில் இல்லை. அதற்காகப் பெற்றவன் பெற்றவன் இல்லை என்று ஆகிவிடுமா. மறுபடி கூப்பிட்டேன், மறுபடி அதையே சொன்னான், அழுதுகொண்டே சொன்னான். நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். கதவில் காலை வைத்தேன், அந்தப் பலகை உளுத்தது, அது என்றைக்கோ விட வேண்டியது. அப்போதுதான் குழந்தைவேலு வந்தான், கையில் தீபாவளித் துணிப் பையோடு. என்னைத் தோளைப் பிடித்து ஒதுக்கினான். குனிந்து, "கண்ணு, மாமா வந்திருக்கேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். தாழ்ப்பாள் விலகியது. எனக்குத் திறக்காத கதவு அவனுக்குத் திறந்தது, ஊர் பார்க்கத் திறந்தது. பூபதி என்னைத் தாண்டிப் போய் அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டான். "இன்னைக்கு ஒரு நாள் எங்கூட்ல இருக்கட்டும் மாப்பிள்ள" என்றான் குழந்தைவேலு. ஒரு நாள். அப்புறம் அங்கேயே பள்ளிக்கூடம், அங்கேயே கம்ப்யூட்டர், அங்கேயே காலேஜ். நான் போய்க் கூப்பிடாமல் இல்லை. போனேன். போகிறபோதெல்லாம் சாப்பிடுங்க மாப்பிள்ள என்று இலை போட்டான். இலை போட்டு இலை போட்டே பிள்ளையை எடுத்துக்கொண்டான்.

"தூங்கிட்டீங்களா மாமா" என்றாள் சிந்துஜா. இல்லை என்றேன். கண்ணுக்குள் சிவப்பாகவும் கறுப்பாகவும் ஏதோ மிதக்கிறது. நர்ஸின் கை திடீரென்று தாடையைப் பிடித்துத் தூக்கியது, சொல்லிவிட்டுத் தொடக்கூடாதா. இன்னொரு சொட்டு, இன்னும் எரிச்சல். "பயந்துட்டீங்களா ஐயா" என்று அவள் கேட்டாள். குரலை வைத்து இவள் எப்படிப்பட்டவள் என்று பார்த்தேன், இளம் வயது, காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள், நல்ல பெண்தான். குரலை வைத்து இவ்வளவு தெரிகிறது. அதை நினைத்ததும் வேறு பக்கம் நினைப்பைத் திருப்பினேன், வீட்டில் கேஸை மூடினேனா என்று. திரும்பவில்லை. "இங்க ஒருத்தர் நல்லா எழுதியிருக்காரு மாமா" என்றாள். "'நல்ல அப்பா, போலி அப்பா ரெண்டும் ஒரே ஆள்தான். வார்த்தை ஒண்ணுகூட மாறல. மூச்சுதான் மாறுது. மூச்சைக் கேட்டா எப்பத் திறக்கலாம்னு கண்டுபிடிச்சிரலாம்.'" சிந்துஜா பூபதியின் பதிலையும் படித்தாள். 'நீங்கள் ஒருவர்தான் கண்டுபிடித்தீர்கள்.' மூச்சு. நான் அனுப்பின எல்லாவற்றையும் கேட்டு, இது இப்படிப்பட்ட மூச்சு, இது அப்படிப்பட்ட மூச்சு என்று இரண்டாகப் பிரித்திருக்கிறான். பொன்னை உரைத்துப் பார்க்கிற ஆசாரிகூட இவ்வளவு பார்க்க மாட்டான். ஒன்றை அப்பா என்று வைத்திருக்கிறான். ஒன்றைப் பேய் என்று வைத்திருக்கிறான். எனக்குக் கோபம் வர வேண்டும், வந்தது, ஆனால் கூடவே வேறு என்னவோ வந்தது, அதற்குப் பேர் தெரியவில்லை. அப்பா என்று ஒன்றை வைத்திருக்கிறான் அல்லவா. அதற்குக் கதவைத் திறக்கிறார்கள் அல்லவா. சாப்பாடு வருகிறது, அடுத்த நாள் வருகிறது. எவ்வளவு பேர் எந்தெந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு என் நல்ல மூச்சுக்குக் கதவைத் திறந்திருப்பார்கள். சர்க்கரை வந்த பிறகு நான் பாட்டிலைத் தொடுவதில்லை. இப்போது அனுப்புகிறது எல்லாம் ஒரே மூச்சுதான். அது அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் பதில் இல்லை. அதையும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு படிக்கறேன், அப்பறம் டாக்டர் கூப்பிட்டுருவாங்க" என்றாள். 'கடைசித் தட்டலுக்கு முன்னாடி வெளிய இருந்து ஒரு சின்ன மியூசிக் வருதே, டிங் டிங் டிங்னு, சீப்பான பொம்மை மாதிரி. அது என்ன. ஆட்டத்துல வேற எங்கயும் வரலையே. அதுதான் எனக்கு எல்லாத்தையும் விடப் பயமா இருந்துச்சு.' நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "பூபதி என்ன சொல்லியிருக்கான்." அவள் படித்தாள். 'அது என்னவென்று எனக்கும் தெரியாது. அன்று கதவுக்கு வெளியே கேட்டது. அதனால் வைத்தேன். அது தெரிந்தால் முடிவும் தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.' போட்டுக் காட்டு என்றேன். காதில் வைத்தாள். அதுதான். படிப்படியாக மேலே ஏறி, கடைசியில் இறங்குகிற மெட்டு. எப்படி நினைவு வைத்தான், எங்கிருந்து தேடிப் பிடித்தான், ஒரு சுரம் பிசகவில்லை. மஞ்சள் டப்பா. மில் கேட்டுக்கு எதிரே சாக்கு விரித்து விற்றார்கள், போனஸ் தெரிந்து வந்திருந்தார்கள். உள்ளங்கை அளவு, சின்னத் திரை, மேலிருந்து செங்கல் செங்கலாக விழும், அடுக்க வேண்டும். எதிர்வீட்டுப் பையன் வைத்திருந்ததை பூபதி பக்கத்தில் நின்று நின்று பார்ப்பான், கேட்க மாட்டான், பார்ப்பான். விற்கிறவனே பேட்டரி போட்டுக் கொடுத்தான், ஆன் செய்தால் இந்த மெட்டுப் பாடும். பிராந்திக் கடைக்கு அப்புறம்தான் போனேன், முதலில் இதைத்தான் வாங்கினேன். அதைச் சொல்ல வேண்டும், முதலில் இதைத்தான். அன்று கதவுச் சந்தில் அதை வைத்து அமுக்கினேன். இதைக் கேட்டால் ஓடிவந்து திறப்பான் என்று நினைத்தேன். பாட்டுப் பாடிய உடனே உள்ளே அழுகை அதிகமானது. பாட்டுப் பாடற பொம்மை வச்சிருப்பான், ஏமாந்துறாத. நான் சொன்னதைத்தான் செய்தான். ஒரு எழுத்து தவறாமல் செய்தான். என்னிடமே செய்தான். குழந்தைவேலு என்னை ஒதுக்கியபோது அது கையிலிருந்து குழாயடிச் சாக்கடையில் விழுந்தது. அவர்கள் இரண்டு பேரும் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அது தண்ணீருக்கு அடியிலிருந்து பாடிக்கொண்டிருந்தது. கையில் என்ன இருந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. குழந்தைவேலு பார்த்தான். அவன் பார்த்தான், எனக்குத் தெரியும். அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை, உன் அப்பன் உனக்கு ஒரு பொம்மை வாங்கி வந்தான் என்று, ஒரு நாள் சோறு போடும்போது சொல்லியிருந்தால். சொல்லவில்லை. கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தான்.

"மாமா, அழறீங்களா, மருந்தா" என்றாள் சிந்துஜா. மருந்து என்றேன். "நீங்களும் ஏதாச்சும் சொல்லுங்களே மாமா. நான் டைப் பண்ணி விடறேன். திறக்கோணுமா வேண்டாமான்னு." வேண்டாம். ஊரோடு வரிசையில் நின்று அபிப்பிராயம் சொல்ல நான் வழிப்போக்கனா. போனைக் கொடு என்றேன். என் போனை என் கையில் வைத்து, மைக் படத்தின் மேல் என் விரலைக் கொண்டுபோய் வைத்தாள். அழுத்தினேன். "பூபதி. அப்பாதான் பேசறேன்." அடுத்தது வாய் வரைக்கும் வந்தது. அது பொம்மை சாமி. உனக்கு வாங்கினது. இவ்வளவுதான் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டால் அவன் ஆட்டம் முடிந்துவிடும், கதவு திறந்துவிடும், யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவனே திறப்பான். விரல் அழுத்தியபடியே இருந்தது. பேன் சுற்றியது, யாரோ இருமினார்கள், அதெல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது, என் மூச்சும் பதிவாகிக்கொண்டிருந்தது, கேட்கட்டும், நல்லாக் காது கொடுத்துக் கேட்கட்டும், எந்த மூச்சு என்று பிரிக்கட்டும். ஊரையெல்லாம் கேட்கிறான். சுவரில் மாட்டிக்கொண்டவனைக் கேட்கிறான், ஹெட்போனைக் கழட்டினவனைக் கேட்கிறான். அந்தப் பக்கம் நின்றவன் ஒருத்தன் உயிரோடு இருக்கிறான், போன் நம்பர் இருக்கிறது, அவனைக் கேட்கத் தெரியவில்லை. அப்பா, அன்னைக்கு உங்க கையில என்ன இருந்துச்சு. இதைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும். நானாகப் போய்ச் சொன்னால் அது கெஞ்சுகிறது. கேட்டால்தான் சொல்வது. "சாப்பிட்டியா சாமி" என்றேன். விரலை எடுத்தேன். போய்விட்டது.

நஞ்சப்பன் யாருங்க, டாக்டர் கூப்பிடறாங்க, கண்ணைத் திறந்துக்கலாம் என்று நர்ஸின் குரல். திறந்தேன். எல்லாம் வெள்ளையாகக் கரைந்து கிடந்தது, சிந்துஜா ஒரு நிறமாக நின்றாள், போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன், வெளிச்சம்தான் இருந்தது, நீலமா வேறு என்னவா ஒன்றும் பிடிபடவில்லை. "கேட்டுட்டானா பாரு கண்ணு." அவள் குனிந்து பார்த்தாள். "நீலமாயிருச்சுங்க மாமா. உடனே கேட்டுருச்சு." பதில் என்றேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் அப்பன் தோளைப் பிடித்த மாதிரி இல்லை, மெதுவாகத்தான் பிடித்தாள். "அந்த டிங் டிங் என்னன்னு உங்களுக்குத் தெரியுமா மாமா" என்று நடந்துகொண்டே கேட்டாள். அவள் கேட்டு என்ன. கேட்க வேண்டியவன் அவள் இல்லை. "தெரியாது" என்றேன். "இந்த மாசம் முடியப்போகுதே, விட்டுருவேன்னு போட்டிருக்குதே" என்றாள். வாசலில் கால் தட்டியது, படி மாமா, பார்த்து என்றாள். முடியட்டும். அடுத்த மாசமும் இருப்பேன், அதற்கு அடுத்த மாசமும் இருப்பேன், போனில் சார்ஜ் இருக்கும். அந்த ஒரு கேள்வி எனக்கு வர வேண்டியது. என் பிள்ளை வாயிலிருந்து வர வேண்டியது. இன்னும் வரவில்லை.